பச்சை மாறாத பாத்தி

அத்தியாயம் 9

அந்தத் துண்டுச் சீட்டில் விலை போட்டிருக்கவில்லை. கத்திரிக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

"கடைக்காரன் பேரை மறப்பான், முகத்தை மறப்பான், விலையை மட்டும் மறக்க மாட்டான் டீச்சர். இது கடைச் சீட்டு இல்ல" என்றான்.

கத்திரி இருபத்திரண்டு வருஷம் தையல்காரனாக இருந்தவன். கை நடுங்க ஆரம்பித்ததும் தையலை விட்டான். வாய் மட்டும் வெட்டிக்கொண்டே இருந்ததால் பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. டீச்சர் அதற்கு நேர் எதிர். பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பேச வேண்டியதை எல்லாம் அங்கேயே பேசித் தீர்த்துவிட்டவர் போல இப்போது கேட்பதோடு நிறுத்திக்கொள்வார். கடிகாரக் கடைக்கு மேலே மாடியறை எடுத்து 'விசாரணை அலுவலகம்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். ஏறி வருகிறவர்களில் பாதிப் பேர் ரயில் நேரம் கேட்டுவிட்டுப் போனார்கள்.

இன்று எதிரே உட்கார்ந்திருந்தவள் ரயில் நேரம் கேட்க வந்தவள் அல்ல. ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவள். அவளுடைய அண்ணன், பஸ் டிரைவர், இறந்து பதின்மூன்று நாள் ஆகியிருந்தது. எலும்பெல்லாம் வலி என்று ஆரம்பித்து, சிறுநீரகம் இரண்டும் கெட்டு, ஆஸ்பத்திரியில் மூன்றே நாளில் போய்விட்டார். ரத்தத்தில் காட்மியம் என்கிற உலோகம் கணக்கில்லாமல் இருந்ததாக டாக்டர்கள் எழுதிவிட்டார்கள். தங்கை நேரே காவல் நிலையத்துக்குப் போய், விஷம் வைத்தது அண்ணன் மனைவிதான் என்று புகார் கொடுத்தாள். திங்கட்கிழமை அந்த மனைவியை அழைத்து விசாரிக்கப் போவதாக இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். அதற்குள் ஆதாரம் வேண்டும் என்று, அதை எழுதித் தர இன்ஸ்பெக்டர் கொடுத்த அச்சுத் தாளோடு டீச்சரிடம் வந்திருந்தாள். இன்று சனிக்கிழமை.

அண்ணனின் ஞாபகமாக அவருடைய காக்கிச் சட்டையை எடுத்து வந்திருந்தாள். சீட்டு அதன் பையில் கிடந்தது. பாதி கிழித்த காகிதம். 318 என்று எண். அதன் கீழே பென்சிலில் 'வ 1, தெ 1'.

தங்கையின் குறை பழையது. அப்பா விட்டுப்போன நிலம் இரண்டாகப் பிரிந்து நடுவில் கம்பி வேலி. வடக்கு அவளுக்கு, தெற்கு அண்ணனுக்கு. நாலு வருஷத்துக்கு முன்பு வெள்ளம் வந்து இரண்டு பக்கமும் இரண்டு நாள் முழுகிக் கிடந்தது. அதிலிருந்து அவள் பக்கம் எதை விதைத்தாலும் மூன்றாவது வாரம் மஞ்சளாகிக் கருகிவிடும். தெற்குப் பக்கமோ கீரை காடாக நிற்கும். அண்ணி நகரப் பூங்காவில் தோட்டக்காரி. மண்ணுக்குப் போடுகிற தூள், மருந்து எல்லாம் அத்துப்படி.

"வேலி தாண்டி என்னமோ ஊத்தியிருக்கா. முதல்ல என் செடியைக் கொன்னு பழகிக்கிட்டு, அப்புறம் எங்க அண்ணன்கிட்ட வந்திருக்கா" என்றாள். அண்ணி என்ற சொல்லே அவள் வாயில் வரவில்லை.

இன்னொன்றும் சொன்னாள். கடைசி மூன்று மாதம் அண்ணன் அவளை ஒரு பிடி கீரை பறிக்கக்கூட விடவில்லையாம். ஒரு நாள் அவள் குனிந்து கை வைத்ததும் வாசலில் இருந்தே கத்தினாராம். பிறந்ததிலிருந்து அவளை ஒரு வார்த்தை அதட்டாதவர். எல்லாம் அண்ணன் மனைவி சொல்லிக்கொடுத்தது என்றாள்.

"கீரைக்குக் காவல் நின்ன முதல் மனுஷன் அவராத்தான் இருக்கணும்" என்று கத்திரி முணுமுணுத்தான். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "செருப்பு தைக்கக் குடுத்தா வலது ஒண்ணு, இடது ஒண்ணுன்னு எழுதுவாங்க. 'தெ'ன்னா? தெரியல ஒண்ணா?"

டீச்சர் சீட்டை வாங்கி, அதன் மடிப்பைப் பிரித்து, வெள்ளைத் தாள் ஒன்றின் மேல் மெல்லத் தட்டினார். ஒரு சிட்டிகை மண் உதிர்ந்தது.

"வடக்கு ஒண்ணு, தெற்கு ஒண்ணு" என்றார். "ரெண்டு பொட்டலம் மண்ணு. இதை வாங்கிக்கிட்டு நம்பர் போட்டுக் குடுக்குற இடம் இந்த ஊர்ல ஒண்ணுதான் இருக்கு."

அந்த இடம் ஊருக்கு வெளியே, பஸ் கடைசியாக நிற்கும் இடத்தில் இருந்த மண் பரிசோதனை நிலையம். அங்கே போகிற வழியில்தான் அந்த நிலமும் இருந்தது. முதலில் டீச்சரும் கத்திரியும் அங்கே இறங்கினார்கள்.

வேலி ஓரமாக நின்று பார்த்தார்கள். ஒரே வானம், ஒரே வாய்க்கால், நடுவில் துருப்பிடித்த கம்பி நாலு வரிசை. வடக்கே மண் வெளுத்து வெடித்துக் கிடந்தது. விரல் நீளம் வளர்ந்த செடிகள் மஞ்சளாகித் தலை தொங்கியிருந்தன. தெற்கே மண் கறுப்பு. கீரை இடுப்பளவு நின்றது. இலை ஒவ்வொன்றும் கை அகலம்.

டிரைவரின் மனைவி பாத்திக்குள் இருந்து எழுந்து வந்தாள். ஐம்பது வயது இருக்கும். காவல்துறை கூப்பிடப் போவது அவளுக்குத் தெரிந்திருந்தது. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். வெள்ளம் வடிந்த பிறகு மண் செத்துக் கிடந்ததாம். பூங்காவில் கூட்டி அள்ளிய சருகை மக்கவைத்துக் கொண்டுவந்து போட்டாள். சாணம், பிண்ணாக்கு, கந்தகத் தூள் எதையும் விடவில்லை. நாத்தனார் பக்கமும் போட்டுத் தருவதாகத்தான் சொன்னாள்; என் மண்ணை மிதிக்காதே என்று அவள் சொல்லிவிட்டாள்.

"அவருக்கு ரத்தம் பத்தலைன்னு ரெண்டு வருஷம் முன்னாடி டாக்டர் சொன்னார். அன்னையில இருந்து ரெண்டு வேளையும் கீரைதான். கடைசி மூணு மாசம் குழந்தை மாதிரி ஆயிட்டார். எனக்கு ஒரு இலை குடுக்க மாட்டார். எல்லாம் எனக்குத்தான்னு சட்டியவே இழுத்துக்குவார். நீ போய் வேலையப் பாரு, நான் மெதுவா சாப்பிடறேன்னு ஜன்னல் பக்கம் உக்காந்துக்குவார்." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின பத்து நாள் கை தூக்க முடியல. நான்தான் ஊட்டிவிட்டேன். ஒரு வாய்கூட வேணாம்னு சொல்லல."

அடுத்த முறை கீரை வேண்டாம், பூச்செடி போடு என்று அவர் சொல்லியிருந்தாராம். அவருக்குப் பூவைப் பற்றி என்ன தெரியும் என்று அவளுக்கு அப்போது வேடிக்கையாக இருந்ததாம்.

விருந்தாளிகளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்று ஒரு கட்டுக் கீரை அறுத்துக் கத்திரியிடம் கொடுத்தாள். பை எடுத்து வர உள்ளே போனாள். அந்த இடைவெளியில் டீச்சர் வீட்டைச் சுற்றி ஜன்னல் பக்கம் நடந்தார். ஜன்னலுக்கு வெளியே, கை எட்டும் தூரத்தில், மூடி போட்ட பெயின்ட் டின் ஒன்று இருந்தது. மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு உடனே மூடினார். கத்திரியும் பார்த்துவிட்டான். உள்ளே வெந்த கீரை. அடியில் உள்ளது காய்ந்து கறுத்து, அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கத்திரி ஆரம்பித்தான். மனுஷன் சாப்பிடவே இல்லை, எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறார். பெண்டாட்டி கொடுக்கிற சாப்பாட்டில் விஷம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததால்தான் தங்கச்சியையும் கிட்டே விடவில்லை. ஆக, ஜெராக்ஸ் கடை அம்மா சொன்னது அச்சு அசல். "திங்கட்கிழமை வரைக்கும் எதுக்கு டீச்சர்? கேஸ் கையில முடிஞ்சு போச்சு."

"விஷம்னு தெரிஞ்சவர் எதுக்குப் பெண்டாட்டியையும் ஒரு இலை திங்க விடல?" என்று டீச்சர் கேட்டார்.

கத்திரி கீரைக்கட்டை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்தான். அடுத்த மூன்று நிறுத்தம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

மண் பரிசோதனை நிலையத்தில் இருந்தவர் ஒரே ஒருவர். ஒல்லியான பரிசோதகர், மூக்குக் கண்ணாடியை நூலால் கட்டியிருந்தார். சீட்டு எண்ணைச் சொன்னதும் பதிவேட்டை எடுக்கவில்லை. அவருக்கு எண்ணே ஞாபகம் இருந்தது.

கத்திரி கீரைக்கட்டை மேஜை மேல் வைத்தான். பரிசோதகர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"இது தெற்குப் பக்கத்துக் கீரையா?" என்று கேட்டார். "எடுத்துடுங்க. யாரும் சாப்பிடலையே?"

பிறகு அவரே சொல்லிக்கொண்டு போனார். மூன்றரை மாதத்துக்கு முன்பு ஒரு நாள் காலை, வாசலில் ஒரு பஸ் வந்து நின்றது. உள்ளே பயணிகள் உட்கார்ந்திருக்க, டிரைவர் மட்டும் இறங்கி வந்து இரண்டு பொட்டலம் மண்ணைக் கொடுத்தார். தங்கச்சி பக்கம் செடி சாகிறது, என் பக்கம் நன்றாக இருக்கிறது, அவள் என் வீட்டுக்காரியைச் சந்தேகப்படுகிறாள், உண்மை என்னவென்று பார்த்துச் சொல்லுங்கள், இரண்டு பேரையும் சேர்த்துவைக்க வேண்டும் என்றார். அதற்குள் பயணிகள் கூச்சல் போட்டதால் ஓடிவிட்டார்.

"ரெண்டு மண்ணுலயும் விஷம் ஒரே அளவு" என்றார் பரிசோதகர். வாய்க்காலுக்கு மேலே, பல வருஷத்துக்கு முன்பு மூடிய பாட்டரிக் கொட்டகை ஒன்று உண்டு. அங்கே புதைத்த காட்மியக் கழிவை எல்லாம் வெள்ளம் அரித்துக் கொண்டுவந்து இரண்டு பக்கமும் சமமாகப் பரப்பியிருந்தது.

ஒரே விஷம் என்றால் ஒரு பக்கம் மட்டும் ஏன் செத்தது என்று டீச்சர் கேட்டார். பதில் அவருக்குத் தெரியும் என்று கத்திரிக்குத் தோன்றியது. வேறு யாராவது சொல்லிக் கேட்க வேண்டும் போலிருந்தது அவருக்கு.

"வடக்குப் பக்கம் மண்ணுல சத்தே இல்ல. பட்டினி கிடந்த செடி, விஷம் உள்ள போனதும் தாங்காம செத்துடுச்சு. செத்ததை யாரும் பறிக்கல, திங்கல. தெற்குப் பக்கம் செடிக்கு எல்லாம் கிடைச்சுது. தழைச்சத்து, கந்தகம், எல்லாம். கந்தகம் இருந்தா செடி அந்த உலோகத்தைக் கட்டிப்போட்டு இலைக்குள்ள ஒரு மூலையில பூட்டி வச்சுடும். செடிக்கு ஒண்ணும் ஆகாது, பச்சை மாறாது. பார்த்தா எவனும் சந்தேகப்பட மாட்டான். பூட்டி வச்சது மட்டும் அப்படியே இலையில இருக்கும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தம்மா எல்லாம் போட்டிருந்தாங்க. ஒண்ணுதான் குறைச்சல், துத்தநாகம். அது மண்ணுல போதுமான அளவு இருந்திருந்தா வேர் அதைத்தான் முதல்ல எடுக்கும். காட்மியம் பாதிக்கு மேல வெளியவே நின்னிருக்கும். வீட்டுத் தோட்டத்துக்கு அதை யார் போடறாங்க?"

முடிவை வாங்கிக்கொள்ள டிரைவர் இரண்டாவது முறை வந்தபோது பஸ் இல்லை, நடந்து வந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு, வெந்தால் போய்விடுமா என்று ஒரு கேள்வி கேட்டார். போகாது என்று இவர் சொன்னார். இனிமேல் நிறுத்தினால் சரியாகுமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரித் தாளை எடுத்து மேஜையில் வைத்தார். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டதாக அதில் இருந்தது. எழுந்து போகும்போது, அறிக்கையை வீட்டுக்குத் தபாலில் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

"என்ன சொன்னார்னு அப்படியே சொல்லுங்க" என்றார் டீச்சர்.

"'ரெண்டு வருஷமா அவ கையாலதான் எனக்குப் போட்டிருக்கா சார். இது அவளுக்குத் தெரிஞ்சா அப்புறம் அவ ஒரு வாய் சோறு திங்க மாட்டா. இப்பவே பிடுங்கினா ஏன்னு கேப்பா, இந்தப் போகம் முடியட்டும், நானே மண்ணைப் புரட்டிடறேன். அதுவரைக்கும் யாரும் தொடாம நான் பார்த்துக்கறேன்'னு சொன்னார்." பரிசோதகர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் சும்மா இருக்கல. அன்னைக்கே மேல ஆபீஸுக்கு எழுதினேன். எழுதினது மேலேயே இருக்கு."

வேறு நாளாக இருந்தால் கத்திரி இதற்கு ஒரு பதில் வைத்திருப்பான். இன்று அவன் அந்தப் பத்து நாளை நினைத்துக்கொண்டிருந்தான். கை தூக்க முடியாத பத்து நாள். ஜன்னலுக்கு வெளியே கொட்ட முடியாது. மனைவி எதிரே உட்கார்ந்து வாய் வாயாக நீட்டுகிறாள். அவர் ஒவ்வொரு வாய்க்கும் வாயைத் திறந்திருக்கிறார்.

கத்திரி வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

டீச்சர் அங்கிருந்தே தங்கைக்குத் தொலைபேசியில் சொல்லி, நிலத்துக்கு வரச் சொன்னார். வேலிக்கு வெளியே சாலை ஓரத்தில் வைத்து எல்லாவற்றையும் அவளிடம் சொன்னது டீச்சர்தான். தங்கை அழவில்லை. மைல்கல்லில் உட்கார்ந்து, கையிலிருந்த அண்ணனின் சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அன்று அண்ணன் கத்தியது எதற்கென்று இப்போது அவளுக்குப் புரிந்திருந்தது.

"அவங்ககிட்ட என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டாள்.

மறைக்க முடியாது என்றார் டீச்சர். கீரை மொத்தத்தையும் பிடுங்க வேண்டும். இரண்டு வருஷம் அதே சட்டியில் சாப்பிட்ட அந்த அம்மாவின் ரத்தத்தையும் சோதித்துப் பார்த்தாக வேண்டும்.

"அப்ப நான் சொல்றேன்" என்று எழுந்து, அவர்கள் தடுப்பதற்குள் உள்ளே போய்விட்டாள்.

அண்ணனின் மனைவி வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். தங்கை அவள் எதிரே போய் நின்று, ஒப்பித்து வைத்ததைச் சொல்வது போலச் சொன்னாள்.

"நான்தான் பண்ணினேன். உங்க பக்கம் பச்சையா இருக்கேன்னு வயிறெரிஞ்சு, வேலி தாண்டி உங்க பாத்தியில மருந்து ஊத்தினேன். நாலு வருஷம் முன்னாடி. செடிதான் சாகும்னு நினைச்சேன். அது சாகல. அண்ணன் செத்துட்டார். என்னைத்தான் போலீஸ்ல சொல்லணும்."

கத்திரி டீச்சரைப் பார்த்தான்.

மனைவி நாத்தனாரை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் வரவில்லை. எழுந்து வேலி வரைக்கும் நடந்தாள். வடக்குப் பக்கம் கையை நீட்டி, மஞ்சள் செடி ஒன்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தாள். இருபது வருஷம் மண்ணில் வேலை பார்த்த கை.

"என் பக்கம் ஊத்தியிருந்தா உன் பக்கம் எதுக்கு முதல்ல செத்துது?" என்றாள். "வெள்ளம் வடிஞ்ச மாசமே உன்னுது போச்சு. எனக்கு ஞாபகம் இருக்கு. பொய் சொல்லத் தெரியலம்மா உனக்கு." பிறகு டீச்சர் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க."

டீச்சர் சொன்னார். வகுப்பில் சொல்வது போலப் பொறுமையாக, ஒன்றையும் விடாமல் சொன்னார். கந்தகம் என்ன செய்தது என்று சொல்லும் இடத்தில் மட்டும் முகத்தை வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டார். முடிந்ததும் அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் போய் டின்னைத் திறந்தாள். திறந்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டாள். கத்திரி ஓடினான், அதற்குள் தங்கை போய்ப் பிடித்திருந்தாள்.

அண்ணனின் மனைவி டின்னை மூடிவிட்டுப் பேசினாள்.

"மண்ணு அப்படியே கிடந்திருந்தா செடி செத்திருக்கும். அவர் இருந்திருப்பார்."

மறுக்க முடியாத கணக்கு அது.

"போலீஸுக்கு எழுதித் தருவீங்கல்ல?" என்று டீச்சரிடம் கேட்டாள். எழுத வேண்டும் என்றார் டீச்சர். இன்ஸ்பெக்டர் கொடுத்த தாள் பையில்தான் இருந்தது. அவள் கேட்டதும் எடுத்துக் காட்டினார். நடுவில் 'விஷம் கொடுத்தவர்' என்று அச்சடித்து, பக்கத்தில் புள்ளிக் கோடு விட்டிருந்தார்கள்.

"இங்க என் பேரை எழுதுங்க."

"எழுத மாட்டேன்மா" என்றார் டீச்சர். "பாட்டரிக் கொட்டகையை எழுதறேன், வெள்ளத்தை எழுதறேன், பதில் போடாத ஆபீஸை எழுதறேன்."

"அதெல்லாம் மண்ணுல போட்டுச்சு. வாயில போட்டது நான். உள்ளதை எழுதுங்க." பேனாவை வாங்கத் தானே கையை நீட்டினாள்.

தங்கை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு வருஷமாக வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பேசியவள், தரையில் அவளோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். பொய் சொன்னபோது வராத அழுகை இப்போது வந்துவிட்டது.

"வேணாம் அண்ணி. அந்த ஒரு பேர் வரக் கூடாதுன்னுதான் எங்க அண்ணன் உங்க கையால அத்தனை வாயும் வாங்கிச் சாப்பிட்டிருக்கார். அவர் எழுத விடாததை நாம எழுத வேணாம்."

டீச்சர் தாளை முழங்காலில் வைத்து, அந்தப் புள்ளிக் கோட்டின் மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்தார்.